தும்பையாறு வீடு தேடிப் போன கதை

ஆறுகளுக்கு வளையத் தெரியாத அந்தக் காலத்தில் மலைக்கு வாய் இருந்தது, பறவைக்கு வம்பு பேச நேரம் இருந்தது, மனுஷர் கூப்பிட்டால் தண்ணீர் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தது என்று சொன்னது தப்பு. தண்ணீருக்கு அப்போது திரும்பவே தெரியாது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மேற்கே வானமுட்டி என்று ஒரு மலை. பேருக்கேற்ற உயரம். சாயங்காலம் சூரியன் அதைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டும். நிலா ஒருதடவை நினைவில்லாமல் வந்து அதன் உச்சியில் முகத்தை இடித்துக்கொண்டது. கன்றிப்போன அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பௌர்ணமியன்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். வானமுட்டிக்குத் தன் உயரத்தின் மேல் அவ்வளவு பெருமை. விடிந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து மலைகளைக் குனிந்து பார்த்து, "என்னப்பா, நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் குறைஞ்சாப்ல தெரியுதே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரிக்கும். பக்கத்து மலைகள் பல்லைக் கடித்துக்கொள்ளும்.

அந்த மலைக்கு ஒரே மகள். தும்பையாறு என்று பேர், தும்பை என்று கூப்பிடுவார்கள். தும்பைப்பூவைக் கொட்டினாற்போல் வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓடுவாள். ஓட்டமென்றால் சாதாரண ஓட்டமில்லை. அப்பாவின் தோளிலிருந்து ஒரு குதி. விழுந்த இடத்திலிருந்து கிழக்கே கயிறு கட்டி இழுத்தாற்போல் நேராக ஒரு ஓட்டம். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடல். அங்கே விழுந்தவளை மேகம் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி அப்பாவின் தலையில் இறக்கிவிடும். மறுபடி குதி, மறுபடி ஓட்டம். ஆறு என்றால் ஒரே நேரத்தில் மலையிலும் இருக்கும், கடலிலும் இருக்குமே, அதெப்படி என்று சிலர் கேட்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது.

வழி நெடுக என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. மலையடி முதல் கடற்கரை வரை மொட்டைப் பாறை. ஒரு புல் கிடையாது, புல்லைத் தின்ன ஒரு ஆடு கிடையாது. கரையோரத்தில் மட்டும் கொஞ்சம் மணல், அந்த மணலில் ஒரு மீன்பிடிக் குப்பம். மரமில்லாத ஊரில் ஓலைக்கு எங்கே போவது? திமிங்கிலத்தின் விலா எலும்பை நட்டு, சுறாத் தோலைக் காயவைத்துக் கூரை போட்டிருந்தார்கள். ஆமை ஓட்டைக் கவிழ்த்தால் வீட்டுக்குத் தொட்டி, நிமிர்த்தினால் கடலுக்குப் படகு. காலையில் மீன், மத்தியானம் மீன், ராத்திரிக்கு மத்தியான மீன். அரிசி, கீரை என்ற பேச்சே அந்த ஊரில் கிடையாது. விளைவதற்கு மண் இருந்தால்தானே.

தும்பைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் போகிற வேகத்தில் அந்தக் குப்பம் ஒரு சாம்பல் நிறக் கீற்று, அவ்வளவுதான்.

மேகத்தில் போகும்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த நேரம் பார்த்து ஒரு கூழைக்கடா பக்கத்தில் பறந்து வரும். தாடைக்குக் கீழே பெரிய பையோடு, பை நிறைய மீனும் வாய் நிறைய வம்புமாக அலைகிற பறவை அது. தும்பை அதை மாமா என்பாள். அது அவளை மருமகளே என்று கேலி செய்யும்.

ஒருநாள் அது வந்ததுமே ஆரம்பித்தது.

"என்ன மருமகளே, இன்னிக்கும் வெறுங்கையோடதான் போனே போல?"

"எங்கே மாமா?"

"எங்கேயா? கடலோரத்துல ஒரு பிள்ளைத்தாய்ச்சி உன்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. பவளாயின்னு பேரு. தும்பைன்னு கூப்பிட வாயெடுக்கிறா. 'தும்'முங்கறதுக்குள்ள நீ கடல்ல விழுந்துடுறே. ஊரெல்லாம் அவளுக்குத் தும்மல் வியாதின்னு பேசிக்கிட்டிருக்கு."

தும்பைக்குச் சிரிப்பு வந்தது. "என்னை எதுக்குக் கூப்பிடுறாங்க?"

"மண்ணு வேணுமாம்."

"மண்ணா? எதுக்கு?"

"திங்கத்தான். மசக்கைக்காரி வேற எதுக்குக் கேப்பா? போன மழையில நீ உங்கப்பன் தோளை உரசிக்கிட்டு வந்தே பாரு, அன்னிக்கு உன் தண்ணியில துளி மண்வாசனை அடிச்சிச்சாம். அதுலேர்ந்து அவளுக்கு அதே நெனப்பு. மீனைக் கண்டாலே குமட்டுது. அந்த ஊர்ல மீனை விட்டா வேற என்ன இருக்கு? தின்னதெல்லாம் வெளியே வந்துடுது. கையும் காலும் குச்சியாப் போச்சு, வயிறு மட்டும் நிக்குது." கூழைக்கடா குரலைத் தாழ்த்தியது. "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை மருமகளே. இதுவும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா."

தும்பையின் சிரிப்பு நின்றுபோனது.

"எங்க கூட்டத்துல முட்டை மேல உக்காந்திருக்கிறவளைப் பாக்கப் போனாக்கூட ஒரு கெண்டையாவது கவ்விட்டுத்தான் போவோம். பிள்ளைத்தாய்ச்சி வாசலை வெறுங்கையோட, அதுவும் திரும்பிக்கூடப் பாக்காமத் தாண்டிப் போறவளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

"உங்ககிட்டதான் பை இருக்கே மாமா, நீங்க கொண்டுபோய்க் குடுக்கலாமே?"

"இந்தப் பைக்குள்ள போனது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்தது கிடையாது. நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்றது கூழைக்கடா, வருத்தப்படுவது போல.

மேகம் தும்பையை அப்பாவின் தலையில் இறக்கியது. அவள் குதிக்கிற அவசரத்திலேயே கேட்டாள்.

"அப்பா, ஒரு பிடி மண் குடுங்க."

"என்னது?"

"மண்ணுப்பா. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு."

வானமுட்டி ஒரு கனைப்பு கனைத்தது. பக்கத்து மலைகள் காதைத் தீட்டிக்கொண்டன. "உனக்கு ஒரு பிடி குடுத்தா நான் ஒரு பிடி குட்டையாப் போவேன். பக்கத்துல இருக்கிறதுங்க என்னைப் பாத்துச் சிரிக்கணுமா? இந்தா, இதை எடுத்துக்கிட்டுப் போ." விலாவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு மூலை முறிந்த பாறையை உதிர்த்துப் போட்டது.

தும்பை அதை உருட்டிக்கொண்டு ஓடினாள். பாறை அங்கே முட்டி, இங்கே மோதி, மூலையெல்லாம் தேய்ந்து, கடற்கரைக்கு வரும்போது உள்ளங்கையில் அடங்குகிற கூழாங்கல்லாகிவிட்டது. துள்ளிப்போய்ப் பவளாயியின் காலடியில் விழுந்தது. அவள் அதை எடுத்து மோந்து பார்த்தாள். நக்கிப் பார்த்தாள். கொழுக்கட்டை மாதிரி அழகாக இருந்ததே தவிர, வாசனையும் இல்லை, கரையவும் இல்லை. ஆனாலும் தூக்கி எறியவில்லை. தனக்கென்று ஒருத்தி இவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தது என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேகத்தில் வைத்துக் கூழைக்கடா இதைச் சொன்னபோது தும்பைக்கு அவமானமாக இருந்தது. ஓட்டத்தில் யாருக்கும் சளைக்காதவள், அன்றைக்கு அப்பாவின் தலையில் இறங்கியதும் குதிக்கவில்லை. உச்சியில் ஒரு குழி இருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வானமுட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது. "என்ன, இன்னிக்கு ஓட்டம் இல்லையா?"

தும்பை குழிக்குள் இன்னும் சுருண்டுகொண்டாள்.

"தலை ஜில்லுன்னு இருக்குடி. எந்திரி."

"கல்லைக் குடுத்து அனுப்பினீங்க. அவங்க அதை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்களாம்."

மலை பக்கத்து மலைகளை ஓரக்கண்ணால் பார்த்தது.

"நீங்க குட்டையானா பக்கத்து மலைங்க சிரிக்கும்னு சொன்னீங்க. சிரிக்கட்டுமே. குட்டையாப் போனாலும் எனக்கு நீங்கதானே அப்பா? நான் வேற மலைக்கா போகப் போறேன்?"

வானமுட்டிக்கு உள்ளே எங்கோ ஒரு பாறை நகர்ந்தது. "சரி சரி, அழுது தொலைக்காதே. அப்புறம் தண்ணி உப்பாப் போகும். எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, முதுகுப் பக்கமா எடு. முன்னாடி எடுத்தா வெளியே தெரியும்."

தும்பைக்கு அப்பாவின் முதுகு எங்கே இருக்கிறதென்று தெரியாது. அவள் கண்டதெல்லாம் அவர் நெஞ்சுதான். பிறந்ததிலிருந்து அதன் மேல்தான் விளையாடியிருக்கிறாள். அதிலேயே ஒரு பிடி அள்ளினாள். ஆற்றின் பிடியென்றால் எவ்வளவு இருக்கும்? நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. வானமுட்டி வேறெங்கோ பார்க்கிற மாதிரி இருந்துவிட்டது.

மண்ணை அள்ளிக்கொண்ட சந்தோஷத்தில் தும்பை பழையபடியே பறந்தாள். கடற்கரையில் பவளாயி நின்றுகொண்டிருந்தாள். சேலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக்கொண்டு, 'தும்' என்று ஆரம்பித்தாள். தும்பையும் நிற்கத்தான் பார்த்தாள். அவளுக்கு நிற்கத் தெரிந்தால்தானே? பழகிய கால் இழுத்துக்கொண்டு போயிற்று. அவ்வளவு மண்ணும் கடலின் வாய்க்குள் விழுந்தது.

கடல் சப்புக்கொட்டியது. "நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கம்மி."

மேகத்தில் தும்பை முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். கூழைக்கடா பக்கத்தில் வந்தது. அன்றைக்கு அது கேலி செய்யவில்லை.

"அப்பா நெஞ்சைக் குடைஞ்சு எடுத்தேன் மாமா. எல்லாத்தையும் கடலுக்குக் கொட்டிட்டேன்."

"கீழே பாரு" என்றது கூழைக்கடா.

கீழே படகுகள் கரைக்கு வந்திருந்தன. கடற்பாசியில் முடைந்த கூடைகளில் மீனை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"அதுல ஒருத்தியாவது ஓடுறாளா?"

"இல்லை."

"நேராவாவது போறாளா?"

தும்பை உற்றுப் பார்த்தாள். யாரும் நேராகப் போகவில்லை. பாரம் இந்தப் பக்கம் சாய்ந்தால் இடுப்பு அந்தப் பக்கம் போயிற்று. மேட்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனார்கள். மூச்சு வாங்கினால் நின்றார்கள். நின்ற இடத்தில் ஒருத்தி திரும்பிக் கடலைப் பார்த்தாள், வீட்டுக்காரன் பின்னால் வருகிறானா என்று.

"சுமை தூக்குனவ நடை அதுதான் மருமகளே. பாத்துக்கோ. அவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. இனிமே அவ கரைக்கு வந்து நிக்க மாட்டா."

தும்பை மறுபடி அப்பாவிடம் போய் நின்றாள். வானமுட்டி எதுவும் கேட்கவில்லை. கடல் சப்புக்கொட்டிய சத்தம் அதன் உயரத்துக்குக் கேட்டிருந்தது.

"இந்தத் தடவை ரெண்டு கையாலயும் எடுத்துக்கோ" என்றது. பக்கத்து மலைகள் எட்டிப் பார்த்தன. "என்ன வேடிக்கை? எம் பொண்ணு ஒரு விசேஷ வீட்டுக்குப் போறா. வேலையைப் பாருங்க."

தும்பை இரண்டு கையாலும் அள்ளினாள். தோளிலிருந்து, நெஞ்சிலிருந்து, உச்சியிலிருந்து. தண்ணீர் செம்பழுப்பாகக் கனத்தது. மலையடி வரைக்கும் சரிவு தள்ளியதால் வேகம்தான். சமதரைக்கு வந்ததும் கூடைக்காரப் பெண்களை நினைத்துக்கொண்டாள். காலை அடக்கி, அடியைச் சுருக்கி, பாரம் இடதுபக்கம் சாய்ந்தபோது வலதுபக்கம் வளைந்தாள்.

உலகத்தில் முதன்முதலாக ஒரு ஆறு வளைந்தது அப்போதுதான். பாறைகளுக்குக் கண் பிதுங்கிவிட்டது.

வளைந்ததும் அவள் பார்வை தன்னால் பின்னுக்குப் போயிற்று. அதுவரை அவள் அப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்ததே கிடையாது. அங்கே நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் பள்ளம், தோளில் சரிவு. உச்சியில் பாதியைக் காணோம். பக்கத்து மலைகளின் தோளுக்குத்தான் இருந்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

தும்பைக்குப் பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனாள். மறுபடி வளைந்து திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போய், மறுபடி. ஒவ்வொரு வளைவிலும் நின்று பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். கிளம்பும்போது எவ்வளவு வழித்து எடுத்தாலும் ஒரு கை மண் அங்கேயே தங்கிவிட்டது. அவள் அடுத்த வளைவுக்குப் போவதற்குள் அதில் பச்சையாக என்னமோ தலைநீட்டியது. ஓரிடத்தில், அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றதில், தண்ணீரையே கொஞ்சம் மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த வளைவு அங்கேயே தனியாக, பிறை மாதிரி ஒரு குளமாகக் கிடந்தது. பின்னால் வந்த கொக்குகள் அதை எடுத்துக்கொண்டன.

சாயங்காலத்துக்குள் கடற்கரை வந்துவிட்டது. பவளாயி அங்கே இல்லை.

எத்தனை தடவை தும்பை இந்த ஊரைத் தாண்டியிருக்கிறாள்! பவளாயியின் வீடு எது என்று ஒரு தடவை பார்த்து வைத்திருக்கக் கூடாதா? எல்லாம் ஒரே மாதிரி எலும்புத் தூண், ஒரே மாதிரி தோல் கூரை. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, மணல்மேட்டுக்குப் பின்னால் இன்னும் இருந்தன.

"பவளாயி!" என்று கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. மலையில் குதிக்கும்போது ஊரே அதிரக் கத்துகிறவளுக்கு, இந்த நடைக்கு வந்ததும் சலசலவென்று முணுமுணுப்புதான் வந்தது. பக்கத்தில் கிடந்த நண்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

"மாமா, எந்த வீடு?"

கூழைக்கடா சுற்றிச் சுற்றிப் பறந்தது. "மேலேர்ந்து பாத்தா எல்லாம் கூரைதான் மருமகளே. உள்ளே யாருன்னு நான் எங்கே கண்டேன்?"

"அப்ப எல்லா வீட்டுக்கும் போறேன்."

"எப்படிப் போவே? ஒவ்வொண்ணாப் போறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"ஒவ்வொண்ணா இல்லை. பிரிஞ்சு போறேன்."

கூழைக்கடா பையிலிருந்த மீனை விழுங்க மறந்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? பிரிஞ்சா மெலிஞ்சு போவே. இந்த மணல் எப்பேர்ப்பட்ட தாகக்காரன்னு தெரியுமா? சொட்டு விடாமக் குடிச்சிடுவான். கடல்ல போய் விழலேன்னா மேகம் உன்னை எப்படித் தூக்கும்? மேகம் தூக்கலேன்னா உங்கப்பன்கிட்ட எப்படித் திரும்பிப் போவே?"

தும்பை ஒரு தடவை மேற்கே திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து அப்பா ஒரு மங்கலான மேடாகத் தெரிந்தார். முன்பென்றால் இங்கிருந்தும் அவர்தான் வானத்தைத் தாங்குகிற மாதிரி இருந்திருக்கும்.

"வெறுங்கையோட திரும்பிப் போனா அவர் முகத்துல எப்படி முழிப்பேன் மாமா?" என்றாள். சொல்லிவிட்டுக் கையை விரித்தாள்.

விரித்த விரல்களாக அவள் குப்பத்துக்குள் போனாள். ஒரு விரல் வடக்கு வரிசைக்கு, ஒரு விரல் தெற்கு வரிசைக்கு, நடுவிரல் நேராக, மற்றவை மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு. ஒவ்வொரு வாசலிலும் நின்று முணுமுணுத்தாள்: "பவளாயி வீடு இதானா?"

ஒரு வீட்டில் ஒரு கிழவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். "ஏ, யாரு அது, வீட்டுக்குள்ள தண்ணியைக் கொண்டாறது?" என்று காலைத் தூக்கிக்கொண்டான். "பவளாயியா? இது அவ வீடில்லை. அதோ அந்தப் பக்கம்." அவன் காட்டிய பக்கம் பத்துக் கூரை இருந்தது. தும்பை போகும்போது அந்த வாசலிலும் ஒரு பிடி மண் வைத்துவிட்டுப் போனாள். எந்த வீட்டில் யார் வயிற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வாசலுக்கு வந்துவிட்டு ஒன்றும் வைக்காமல் போக அவளுக்கு இனிமேல் கால் வராது.

அடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஒருத்தி வாசலிலிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "அடி, என்னடி இது, மெத்து மெத்துன்னு? மோந்து பாரு." மற்றவள் மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இருவரும் வழிகாட்டிக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

மணல் சும்மா இருக்கவில்லை. உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வடக்கே போன விரல் பாதி வழியில் காணாமல் போயிற்று. மணல்மேட்டைச் சுற்றிய விரல்களும் ஈரத்தடமாக நின்றுவிட்டன. தும்பைக்கு மயக்கம் வந்தது. தெற்கே போன விரல் மட்டும் ஒரு கொலுசு அகலத்துக்கு, விட்டுவிட்டு, ஊர்ந்துகொண்டிருந்தது.

தெற்கு வரிசையின் கடைசி வீட்டு வாசலில் ஒருவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பவளாயியின் புருஷன் சங்குமணி. உள்ளே பவளாயி பாயில் கிடந்தாள். வலி வந்துவிட்டது, முக்குவதற்கு உடம்பில் தெம்பில்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் ஒரு கை வாசல்பக்கமாக நீண்டு தரையில் கிடந்தது. இன்னொரு கை முந்தானையில் முடிந்திருந்த கூழாங்கல்லைப் பிடித்திருந்தது.

வாசல்பக்கம் நீண்ட கையின் விரல்நுனியில் ஏதோ ஈரம் பட்டது.

பவளாயி கண் திறக்காமலே மூச்சை உள்ளே இழுத்தாள். ஈர மண்ணைக் கிள்ளி எடுத்து வாயில் வைத்தாள். நாக்கில் மெதுவாகக் கரைந்தது. குமட்டவில்லை. இன்னொரு கிள்ளு. அதுவும் உள்ளே தங்கியது. கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன் அக்கா" என்றாள் தும்பை. ஒருத்தியை வலி இழுத்துக்கொண்டு போயிற்று. இன்னொருத்தியை மணல் குடித்துக்கொண்டிருந்தது.

தும்பை கடைசித் துளியாக வாசலில் தேங்கி நின்றபோது உள்ளே குழந்தை வீறிட்டது.

சங்குமணி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் காலடியில் கலங்கி நின்ற அந்தக் கையளவு தண்ணீரைப் பார்த்தான். மேலேயிருந்து கூழைக்கடா கத்தியது: "அடே, பாத்துக்கிட்டு நிக்கிறியே! வந்தவளை வழியனுப்பத் தெரியாதா உங்க ஊர்ல?"

அந்த ஊர்க்காரர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வந்தவர்களைத் தெருக்கோடி வரை கொண்டுவிடத் தெரியாதவர்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சங்குமணி மீனெலும்புத் துடுப்பை எடுத்தான். வாசலிலிருந்து கடலை நோக்கி மணலைக் கீறினான். கிழவன் வலையைப் போட்டுவிட்டு வந்தான். அந்த இரண்டு பெண்களும் கூடையின் விளிம்பால் தோண்டினார்கள். எந்தெந்த வாசலில் மண் இருந்ததோ அந்தந்த வாசலிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. காய்ந்துபோன விரல்களுக்கெல்லாம் வழி வெட்டினார்கள். தும்பையின் வால் இன்னும் பின்னால் வளைந்து வளைந்து வந்துகொண்டுதான் இருந்தது. வழி கிடைத்ததும் தண்ணீர் விரல் விரலாக இறங்கிற்று. பிரிந்தவள் பிரிந்தபடியே, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு, மெதுவாகக் கடலுக்குள் போனாள்.

கடல் வாயைத் திறந்தது. தும்பை கையைக் காட்டினாள். "எல்லாம் குடுத்துட்டேன். விரலிடுக்குல ஒட்டினதுதான் மிச்சம்."

மேகம் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பழைய உயரத்தில் இறக்கிவிடப் பார்த்தது. அங்கே அப்பாவின் தலை இல்லை. இன்னும் இறங்கி, இன்னும் இறங்கி, பக்கத்து மலைகளின் தோள் மட்டத்துக்கு வந்த பிறகுதான் தும்பைக்கு அந்த உச்சி தட்டுப்பட்டது. அவள் அதைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"அப்பா..."

"சத்தம் போடாதே. பக்கத்துல இருக்கிறதுங்க ரொம்ப நேரமாச் சிரிச்சிட்டு இப்பத்தான் ஓய்ஞ்சிருக்குங்க" என்றது வானமுட்டி. பிறகு பட்டும் படாமல் கேட்டது: "என்ன குழந்தை?"

"பொண்ணுப்பா."

"யார் ஜாடை?"

"உங்க ஜாடைதான். ஒரே பிடிவாதம். தலையில ஒரு முடி கிடையாது."

மலை குலுங்கிச் சிரித்தது. நாலைந்து கல் உருண்டன. சிரித்து முடிந்ததும் கேட்டது: "அந்த மண்ணு... மிச்சம் என்னாச்சு?"

"அங்கேயே இருக்கு. வாசல் வாசலா. மாமா காலில ஒட்டியிருந்த ஏதோ ஒரு விதை அதுல விழுந்து முளைச்சிருக்கு. பவளாயி அக்கா குழந்தையை அதுல கால் படுற மாதிரி நிறுத்திப் பாக்குறாங்க. குழந்தை மண்ணை அள்ளி அள்ளி வாயில போட்டுக்குது."

பிறந்த குழந்தை அதற்குள் எப்படி நின்றது என்று வானமுட்டி கேட்கவில்லை. அதன் முகத்தில் அப்படியொரு யோசனை. "நான் உசரமா நின்னப்போ கடல் எனக்கு ஒரு நீலக் கோடாத்தான் தெரியும். கிட்டப் போய்ப் பாக்கணும்னு ஆசைதான். மலை எங்கே நடக்கிறது? இப்ப அந்தக் கோடும் தெரியலை." கிழக்கே பார்த்தது. "ஆனா அங்கேயே உக்காந்திருக்கேன் போலிருக்கே. ஒரு குழந்தை என் மேல நிக்குது."

தும்பை அப்பாவின் உச்சியைத் தடவிக் கொடுத்தாள்.

"போ, போ. தலை ஜில்லுன்னு இருக்கு. போறப்ப ரெண்டு கையாலயும் எடுத்துக்கோ. அந்தப் பக்கம் வேற யாராவது மாசமா இருந்தாலும் இருப்பாங்க."

பவளாயி அந்தக் கூழாங்கல்லைக் கடைசிவரை முந்தானையிலிருந்து எடுக்கவேயில்லை. தும்பையின் கதையைக் கேட்ட மற்ற ஆறுகளுக்கெல்லாம் வெட்கம் வந்துவிட்டது. அன்றைக்குத் தொட்டுத்தான் ஆறென்று பிறந்த எதுவும் கடலுக்கு வெறுங்கையோடு போவதில்லை. மலையில் கத்திக்கொண்டு குதித்தாலும் சமவெளிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, அப்பா தெரிகிறாரா என்று வளைந்து வளைந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு, கடலோரம் வந்ததும் வீடு தெரியாதவளாக விரல் விரலாகப் பிரிந்து, வாசலுக்கு ஒரு பிடி மண் வைத்துவிட்டுத்தான் போகிறது.